வயிற்றுக்குள் ஒரு சீனச் சுவர்

தலைவலி என்றால் ஆபீஸ் முழுக்கக் கேட்கும்படி சொல்கிறோம். காதல் தோல்வியைக்கூட டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அலசிவிடுகிறோம். ஒரே ஒரு விஷயத்தை மட்டும் பெயர் சொல்லிப் பேசுவதில்லை. மருந்துக்கடைக்குப் போய், பக்கத்தில் பெண்கள் யாரும் இல்லையே என்று பார்த்துவிட்டு, "ரெண்டு நாளா..." என்று இழுத்து, வயிற்றின் மேல் கையை ஒரு சுற்றுச் சுற்றி, உதட்டைப் பிதுக்கினால் போதும். கடைக்காரர் புரிந்துகொண்டு, "பவுடரா, மாத்திரையா?" என்பார். அவருக்கும் ரெண்டு நாளாக இருக்கலாம்.

மலச்சிக்கல்! சொல்லிவிட்டேன். இனி தைரியமாகப் பேசலாம்.

என் ஆபீஸ் நண்பர் ஒருவர் (பெயர் வேண்டாம், பெண் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்) இந்தத் துறையில் டாக்டரேட் வாங்கத் தகுந்தவர். அவர் மேஜை டிராயரைத் திறந்தால் ஃபைல் இருக்காது. இசப்கோல் டப்பா, கடுக்காய்ப் பொடி, பேதி உப்பு, அமிலத்தை அடக்கும் மாத்திரை, பேர் தெரியாத இரண்டு லேகியங்கள். காலை 8.10 ரயிலைப் பிடிக்க வேண்டும் என்பதால் காலைக் கடனை மாலைக்குத் தள்ளுவார். மாலையில் களைப்பு. மறுநாளைக்குத் தள்ளுவார். கடனைத் தள்ளிப் போட்டால் வட்டி ஏறும் என்று அக்கவுண்ட்ஸ் செக்ஷன்காரருக்குச் சொல்லவா வேண்டும்?

ஒரு நாள் முகத்தில் புது வெளிச்சத்தோடு வந்தார். "சார், சீன வைத்தியம்! பாண்டிச்சேரிப் பக்கம் ஒருத்தர் பண்றாராம். ஊசி குத்தினா எல்லாம் சரியாயிடுமாம்."

"எங்கே குத்துவார்?" என்று கேட்டேன். நியாயமான கேள்விதானே.

"முழங்காலுக்குக் கீழே சார்!"

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவரோடு கிளம்புவது என்று முடிவாயிற்று. அதற்கு முன் கொஞ்சம் படித்து வைத்தேன். படித்ததில் பாதி ஆச்சரியம், பாதி சிரிப்பு.

* * *

நம் பார்வையில் மலச்சிக்கல் ஒரே வியாதி. சீன வைத்தியருக்கு அது நாலைந்து வியாதி. உடம்பில் சூடேறி, நாக்கு மஞ்சள் பூத்து, வயிறு கல்லாகிப் போவது ஒரு ரகம். கவலையிலும் கோபத்திலும் உட்கார்ந்த இடத்திலேயே இருந்து, உள்ளே ஓட வேண்டிய 'ச்சி' என்கிற சக்தி தேங்கிப் போவது இன்னொரு ரகம். ஆபீஸ்காரர்களுக்கென்றே செய்தது. வயதானவர்களுக்கும் பிள்ளை பெற்றவர்களுக்கும் உடம்பு வறண்டு வருவது மூன்றாவது. குளிர்ச்சியால் குடல் சோம்பிப் போவது நாலாவது. ஒவ்வொன்றுக்கும் மருந்து வேறு. ஒருவருக்குக் கொடுத்ததை இன்னொருவருக்குக் கொடுத்தால் அது வைத்தியம் இல்லை, விநியோகம்.

கையைப் பிடித்து மூன்று விரலால் நாடி பார்ப்பது, நாக்கை நீட்டச் சொல்வது, சூடாகக் குடிக்கப் பிடிக்குமா, ஜில்லென்று பிடிக்குமா என்று கேட்பது எல்லாம் இதைக் கண்டுபிடிக்கத்தான். நம் சித்த வைத்தியரும் அதே மூன்று விரலைத்தான் வைக்கிறார். பழனி போகர் சீனாவிலிருந்து வந்தார் என்று ஒரு மரபும், இங்கிருந்து சீனா போனார் என்று இன்னொரு மரபும் இருக்கின்றன. எப்படியோ, யாரோ யாருக்கோ சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

சூட்டு ரகத்துக்கு ஒரு பிரபலமான கஷாயம் உண்டு. சுமார் 1,800 வருடங்களுக்கு முன் சாங் சோங்ஜிங் என்ற வைத்தியர் எழுதிவைத்த ஷாங் ஹான் லுன் நூலில் வருகிறது. பெயர், தா செங் ச்சி தாங். மொத்தம் நாலே சரக்கு: தா ஹுவாங் என்கிற கிழங்கு, மாங் சியாவ் என்கிற உப்பு, நாரத்தை இனத்தைச் சேர்ந்த ஒரு பிஞ்சுக் காய், ஒரு மரப்பட்டை.

தா ஹுவாங் எங்கோ பீக்கிங்கில் கிடைப்பது என்று நினைக்காதீர்கள். உங்கள் ஊர் நாட்டு மருந்துக்கடையில் 'ரேவல்சின்னி' என்று கேளுங்கள், பொட்டலம் கட்டிக் கொடுப்பார். அந்தக் குடும்பத்துக் கிழங்குதான். பாரசீகத்தில் ரேவந்த்-சீனி, அதாவது சீனத்து ரேவந்த். வாய் மாறி வந்து நம் கடையில் ரேவல்சின்னி ஆகிவிட்டது. அதில் குடலைத் தூண்டும் சென்னோசைடு என்கிற சரக்கு இருக்கிறது. அதே சரக்கு நம் திருநெல்வேலிச் சீமை நிலாவாரை இலையிலும் தாராளம். உலகச் சந்தையில் அதற்கு 'டின்னவெல்லி சென்னா' என்றே பெயர். சீனாக்காரர்களும் நிலாவாரையை மருந்தாக வைத்திருக்கிறார்கள். அவர்கள் அதற்கு வைத்த பெயர் ஃபான் சியே யே. அர்த்தம் தெரியுமா? 'வெளிநாட்டுப் பேதி இலை'!

ஆக, நாம் அவர்கள் கிழங்கைச் 'சீனச் சரக்கு' என்று மதிப்போடு வாங்குகிறோம். அவர்கள் நம் இலையை 'ஃபாரின் சரக்கு' என்று வாங்குகிறார்கள். உள்ளே இருப்பது ஒன்றே. அடுத்த தெரு டாக்டர்தான் கைராசிக்காரர் என்பது இரண்டாயிரம் வருஷத்து வியாதி போலிருக்கிறது.

இந்தக் கிழங்கு ராஜதந்திரத்திலும் புகுந்து விளையாடியிருக்கிறது. 1839-ல் காண்டன் துறைமுகத்தில் ஆங்கிலேயர்களின் அபின் வியாபாரத்தை ஒழிக்க வந்த லின் சேஷு என்ற அதிகாரி, விக்டோரியா ராணிக்கே ஒரு கடிதம் எழுதினார். எங்கள் தேயிலையும் ரேவல்சின்னியும் இல்லாமல் உங்கள் ஜனங்களால் ஒரு நாளும் காலம் தள்ள முடியாது, ஜாக்கிரதை என்பது அதில் ஒரு மிரட்டல். கப்பலை நிறுத்தினால் வெள்ளைக்காரன் வயிறு நின்றுவிடும் என்று அங்கே பல அதிகாரிகள் நிஜமாகவே நம்பினார்கள். இதில் வேடிக்கை, இந்தியாவில் விளைவித்து வெள்ளைக்காரன் கொண்டுபோய் விற்ற அபின், மலத்தை அப்படியே கட்டும் சரக்கு. கட்டுவதை விற்று, இளக்குவதை வாங்கினான். வியாபாரி என்றால் அவன் வியாபாரி!

* * *

இரண்டாவது சரக்கான மாங் சியாவ் உப்பு பற்றி யோசித்துக்கொண்டே போனபோதுதான் கார் மரக்காணத்துக்கு வந்தது.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் சென்னையிலிருந்து சுமார் 120 கிலோமீட்டர். சங்க காலத்து எயிற்பட்டினம் இதுதான் என்பார்கள். பார்க்கும் இடமெல்லாம் பாத்தி பாத்தியாகத் தண்ணீர். ஓரத்தில் வெள்ளை வெள்ளையாக உப்புக் குவியல்கள், மேலே ஓலை போர்த்தி. நிறுத்தி இறங்கினோம். வெளிச்சம் கீழிருந்து கண்ணில் அடித்தது.

உப்பு காய்ச்சுவதை நான் ஏதோ சுலபமான வேலை என்று நினைத்திருந்தேன், தண்ணீர் விட்டால் வெயில் பார்த்துக்கொள்ளும் என்று. அப்படி இல்லை. ஒரு லிட்டர் கடல் நீரில் சுமார் 35 கிராம் உப்புகள். அதில் சாப்பாட்டு உப்பு சுமார் 27 கிராம்தான். மற்றதெல்லாம் உறவுக்காரர்கள். தண்ணீர் சுண்டச் சுண்ட ஒவ்வொருவராக வரிசையில் இறங்குகிறார்கள். முதலில் சுண்ணாம்பு, அப்புறம் ஜிப்சம், அதன் பிறகு நம் உப்பு. அது இறங்கியதும் வாரிவிட வேண்டும். மிஞ்சி நிற்கிற தண்ணீர் பயங்கரக் கசப்பு. மெக்னீசியம் குளோரைடும் மெக்னீசியம் சல்ஃபேட்டும் அதில்தான் தங்கும். ஜப்பானில் இந்தக் கசப்பு நீரில்தான் சோயாப் பாலைத் திரித்து டோஃபு செய்கிறார்கள்.

மெக்னீசியம் சல்ஃபேட் யார் என்று தெரிகிறதா? நண்பரின் டிராயரில் தூங்கும் பேதி உப்பு! இங்கிலாந்தில் எப்ஸம் என்ற ஊர்க் கிணற்று நீரிலிருந்து எடுத்ததால் எப்ஸம் சால்ட். சீனரின் மாங் சியாவ், சோடியம் சல்ஃபேட். ஐரோப்பாவில் 17-ஆம் நூற்றாண்டில் கிளாபர் என்ற ரசாயனக்காரர் அதைக் கண்டு பரவசமாகி 'அற்புத உப்பு' என்றே பெயர் வைத்தார். இரண்டும் பெரியப்பா சித்தப்பா பிள்ளைகள். குடல் இவற்றை லேசில் உறிஞ்சாது. உள்ளே உட்கார்ந்துகொண்டு, சுற்றியிருக்கும் தண்ணீரைத் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொள்ளும். கல்லாய்க் கிடந்தது இளகும். உப்புச் சுவை கெட்டியானதை இளக்கும் என்று சீன நூல்கள் சொல்கின்றன. அவர்களுக்கு 'ஆஸ்மாஸிஸ்' என்ற வார்த்தை தெரியாது. காரியம் தெரிந்திருந்தது.

நண்பர் பாத்தியை ஆசையோடு பார்த்தார். "சார், இந்தத் தண்ணியிலேயே ஒரு டம்ளர்..." "வேண்டாம்" என்று இழுத்து வந்தேன். நீங்களும் வேண்டாம்.

* * *

வரப்பில் ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். அறுபது வயது இருக்கும். சேலைக்கு மேல் ஆண்பிள்ளைச் சட்டை, தலையில் துண்டு. காலில் உப்பு அரித்த வெடிப்புகள். பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் பாட்டில், முக்கால் பாகம் தண்ணீர்.

"இருட்டுலயே வந்துடுவோம் தம்பி. வெயில் ஏறிட்டா நிக்க முடியாது" என்றார்.

பத்து மணிதான் ஆகியிருந்தது. நான் அதற்குள் ஒரு லிட்டர் காலி பண்ணியிருந்தேன். "நீங்க தண்ணியே குடிக்கலையேம்மா?" என்றேன்.

சிரித்தார். "குடிச்சா ஒதுங்கணும். எங்க ஒதுங்கறது? பாருங்க நீங்களே."

பார்த்தேன். கண்ணுக்கு எட்டியவரை மார்பளவு செடிகூட இல்லை. நாலு பக்கமும் கண்ணாடி மாதிரி பாத்தி. தூரத்தில் ஆண்கள் நீளக் கழியில் மாட்டிய பலகையால் உப்பு வாரிக்கொண்டிருந்தார்கள்.

"அதான் வூட்டுக்குப் போயி குடிச்சிக்கறது. வயிறுதான் கல்லு மாதிரி ஆயிடுது. நாலு நாளு, அஞ்சு நாளு. பேதி மாத்திரை வாங்கிப் போடுவேன். போட்டா அன்னிக்கு வேலைக்கு வர முடியாது, கூலி போச்சு. அப்புறம் மறுபடி அதே கதைதான்."

நண்பர் அதற்குப் பிறகு வழி முழுக்கப் பேசவில்லை. அவருக்கு ஆபீசில் இரண்டு கழிப்பறை இருக்கிறது, டிஷ்யூ பேப்பரோடு. போகத்தான் நேரம் இல்லை. அந்த அம்மாவுக்கு உடம்பு கூப்பிடுகிறது, போக இடம் இல்லை. இரண்டு பேரும் வாங்குவது ஒரே மாத்திரை.

இது ஒரு அம்மாவின் புலம்பல் மட்டும் இல்லை. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவன ஆய்வாளர்கள் தமிழ்நாட்டின் ஏழு உப்பளங்களில் 352 தொழிலாளர்களைச் சோதித்து 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். ஏறக்குறைய 90 சதவீதம் பேர் பாதுகாப்பான அளவைத் தாண்டிய வெப்பத்தில் வேலை செய்கிறார்கள். 7 சதவீதம் பேருக்குச் சிறுநீரகத்தின் வடிகட்டும் திறன் குறைந்திருந்தது. இங்கேதான் பேதி உப்பு பயமுறுத்துகிறது. மெக்னீசியத்தை வெளியேற்றுவது சிறுநீரகத்தின் வேலை. சிறுநீரகம் களைத்தவர் அதை அடிக்கடி சாப்பிட்டால், அது ரத்தத்தில் தேங்கி இதயத் துடிப்பில் கை வைக்கும். தண்ணீர் வற்றிய உடம்பிலிருந்து பேதி மருந்து இன்னும் தண்ணீரைப் பிடுங்கும். விளையாட்டு இல்லை.

* * *

சரி, சீன வைத்தியருக்கு வருவோம். நாடி பார்த்தார், நாக்கைப் பார்த்தார், அரை மணி நேரம் கேள்வி கேட்டார். கடைசியில் முழங்கால் சில்லுக்கு நாலு விரற்கடை கீழே, வெளிப்பக்கமாக ஒரு ஊசி. ஜூ சான் லி என்பது அந்த இடத்தின் பெயர். வயிற்றுக் கோளாறுக்கெல்லாம் சீனர்கள் முதலில் தேடும் புள்ளி. நண்பர் கண்ணை மூடிக்கொண்டார். கொசு கடித்தது போல இருந்ததாம்.

இந்த ஊசி நம் நாட்டுக்குப் புதுசு இல்லை. 1938-ல் டாக்டர் கோட்னிஸோடு சீனப் போர்முனைக்குப் போன ஐந்து இந்திய டாக்டர்களில் ஒருவரான பி.கே. பாசு, பிறகு மறுபடியும் சீனா போய் அக்குபங்சர் கற்று வந்து கல்கத்தாவில் ஆரம்பித்து வைத்தார். 2019-ல் மத்திய அரசு அதைத் தனிச் சிகிச்சை முறையாக அங்கீகரித்தது.

பலிக்குமா? நாணயமாகச் சொல்ல வேண்டுமானால், கொஞ்சம். சீனாவில் கடும் மலச்சிக்கல்காரர்கள் 1,075 பேரை வைத்து ஒரு பெரிய சோதனை நடத்தி 2016-ல் வெளியிட்டார்கள். எட்டு வாரத்தில் 28 முறை, மின்சாரம் இணைத்த ஊசி. பாதிப் பேருக்கு நிஜம், பாதிப் பேருக்குப் பாவனை. நிஜத்தில் நூற்றுக்கு 31 பேர் தேறினார்கள், பாவனையில் 12 பேர். ஊசியில் ஏதோ இருக்கிறது. ஆனால் நூற்றுக்கு 69 பேர் குத்தும் வாங்கிக்கொண்டு, தேறாமலும் போனார்கள். ஆபீஸ் டென்ஷனில் ஒரு நாள் போக்கு, ஒரு நாள் கட்டு என்று படுத்துகிற 'இரிடபிள் பவல்' கோளாறில் பாவனை ஊசியும் நிஜ ஊசியும் ஒன்றுதான் என்று 2012-ல் வந்த ஒரு தொகுப்பாய்வு சொல்லிவிட்டது.

அதே கோளாறுக்குச் சீன மூலிகையை ஆஸ்திரேலியாவில் 116 பேரிடம் சோதித்தார்கள் (1998). ஒரு கூட்டத்துக்கு ரெடிமேட் மருந்து, ஒரு கூட்டத்துக்கு ஆள் பார்த்துக் கலந்த மருந்து, மூன்றாவதுக்கு வெறும் டம்மி. ரெடிமேடும் கலந்ததும் டம்மியைத் தோற்கடித்தன. ஆனால் மருந்தை நிறுத்தி 14 வாரம் கழித்துப் பார்த்தால், ஆள் பார்த்துக் கொடுத்த கூட்டம் மட்டும் சுகமாக இருந்தது. அந்த அரை மணி நேரக் கேள்விக்கு அர்த்தம் இருக்கிறது.

இதற்காக எந்தப் பொட்டலத்தையும் வாங்கி முழுங்கலாம் என்று இல்லை. பெல்ஜியத்தில் 1990-களின் ஆரம்பத்தில் உடம்பு இளைக்க என்று கொடுத்த சீன மூலிகையில் ஒன்றுக்குப் பதில் வேறொன்று கலந்துபோய், நூற்றுக்கும் மேற்பட்ட பெண்களின் சிறுநீரகம் கெட்டது. இயற்கை என்றால் எமன் பக்கத்தில் வரமாட்டான் என்று யாரும் எழுதிக் கொடுக்கவில்லை. மலத்தில் ரத்தம், காரணமில்லாத எடைக் குறைவு, நாற்பத்தைந்து வயதுக்கு மேல் திடீரென்று மாறும் பழக்கம், வயிறு உப்பி வாந்தியெடுத்து, காற்றுகூடப் பிரியாமல் நிற்பது: இதற்கெல்லாம் ஊசி, கஷாயம், லேகியம் எதுவும் வேண்டாம். நேரே பெரிய ஆஸ்பத்திரி.

காற்று என்றதும் ஞாபகம் வருகிறது. சாங் சோங்ஜிங் தன் கஷாயத்தைக் கண்ணை மூடிக்கொண்டு கொடுக்கச் சொல்லவில்லை. சந்தேகமாக இருந்தால் முதலில் லேசான கஷாயம் கொஞ்சம் கொடு, காற்று பிரிகிறதா பார், பிரிந்தால்தான் அடுத்தது, இல்லாவிட்டால் தொடாதே என்கிறார். இன்றைக்கும் ஆபரேஷன் முடிந்த மறுநாள் சர்ஜன் வந்து, "காஸ் போச்சா?" என்றுதான் கேட்கிறார்.

இன்னொன்றும் சொல்கிறார். அதுதான் எனக்குப் பிடித்தது. வயிறு ஒரு தடவை போய்விட்டால், மிச்ச மருந்தைக் குடிக்கக் கூடாது. காரியம் முடிந்தது, நிறுத்து. 1,800 வருஷத்துக்கு முந்தைய பேதி மருந்திலேயே பிரேக் இருந்திருக்கிறது. நம் டிராயரில் இருப்பவற்றுக்குத்தான் பிரேக் கிடையாது. நேற்று போட்டோம், இன்று போட்டோம், நாளைக்கும் போடுவோம். ஏன் போடுகிறோம் என்று மட்டும் கேட்க மாட்டோம்.

பாண்டிச்சேரிக்காரர் கேட்டார். எல்லாம் முடிந்து, நண்பருக்கு எழுதிக் கொடுத்த சீட்டில் மருந்தே இல்லை. காலை 5 முதல் 7 வரை பெருங்குடலின் நேரம் என்பது சீனக் கணக்கு. அந்த நேரத்தில் எழுந்து, வெந்நீர் குடித்து, ஏதாவது சாப்பிட்டுவிட்டுப் போய் உட்கார வேண்டும், வந்தாலும் வராவிட்டாலும். சாப்பிட்டதும் பெருங்குடல் அசையும் என்பதை இங்கிலீஷ் வைத்தியமும் ஒப்புக்கொள்கிறது. கீரை, பழம், நடை. 8.10 ரயிலை விட்டு 8.40-ஐப் பிடிக்கவும். பீஸ் 600 ரூபாய். நண்பர் இப்போது 8.40-ல்தான் வருகிறார். அவர் டிராயரில் ஃபைல் வைக்க இடம் கிடைத்திருக்கிறது. ஊசியா, ரயிலா என்று கேட்டால் ஊசி என்கிறார். இருக்கட்டும்.

மரக்காணத்து அம்மாவின் நாடியை எந்த நாட்டு வைத்தியர் பிடித்துப் பார்த்தாலும், ஏன் என்று கேட்டால் ஒரே சீட்டுதான் எழுத முடியும். நாலு சரக்கு. நாலு சுவர், ஒரு கதவு, உள்பக்கம் ஒரு தாழ்ப்பாள், ஒரு வாளித் தண்ணீர்.

அதை எந்த மருந்துக்கடையிலும் பொட்டலம் கட்டித் தரமாட்டார்கள்.